ஆதார் முதல் அமெரிக்கா வரை: கருங்கல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஜங்ஷன் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட், பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா படிவம், கரண்ட் பில் எல்லாம் நடக்கும். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை. இந்த இரண்டையும் தெரிந்தவர்கள் டீ குடிக்கும் நேரத்தில்கூட வந்து கேட்கிறார்கள்: ஜெர்மனி விசா, ஆதார், ஓடிபி, காணாமல் போன பணம். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. இதில் இருக்கிற அபிப்பிராயங்கள் என்னுடையவை. பிடிக்காவிட்டால் கடைக்கு வந்து சண்டை போடலாம், டீ நான் வாங்கித் தருகிறேன்.

ஜெராக்ஸ் கடையில் ஆதார் பிரிண்ட் எடுத்தால் ஆபத்தா?

ஆபத்துதான். என் கடையிலும்தான்.

இரண்டு வருடம் முன்பு ஒரு ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரில் இடம் காலி செய்யலாம் என்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். நூற்றுக்கணக்கில் பிடிஎஃப் கிடந்தது. ஆதார், பாஸ்போர்ட் முதல் பக்கம், நர்சிங் சான்றிதழ், பாங்க் பாஸ்புக், ஒரு கல்யாணமான பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்கூட. யாரும் திருடி வைத்ததில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், நான் இறக்கி பிரிண்ட் போடுவேன், அவர்கள் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுவார்கள். ஃபைல் அங்கேயே கிடக்கும்.

ஆதார் பிடிஎஃபுக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். அந்தப் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். அது இரண்டும் பக்கத்து ஃபைலில் இருக்கிற பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கிறது. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டியது மாதிரி.

அன்றைக்கு எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது தினமும் கடை அடைக்கும்முன் அழிக்கிறேன், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. ஆனால் என்னை நம்பிக்கொண்டு நீங்கள் இருக்க வேண்டாம். எந்தக் கடையானாலும் பிரிண்ட் எடுத்ததும் "இதை அழிச்சிருங்க அண்ணே" என்று சொல்லி, அழிக்கிறவரை நின்று பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் உங்கள் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் லாக் அவுட் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஒருமுறை ஒரு பையன் அப்படியே விட்டுப் போய்விட்டான். அவன் காதலியின் மெசேஜ் என் திரையில் டொங் டொங் என்று விழுந்துகொண்டே இருந்தது. போன் போட்டுச் சொன்னேன். அதன்பிறகு அவன் இந்தப் பக்கமே வரவில்லை.

கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களா?

மாஸ்க்டு ஆதாரைத்தான் கேட்கிறீர்கள். லாட்ஜ், கூரியர், வாடகை வீடு போன்ற இடங்களுக்குத் தாராளமாகப் போதும். முறைத்தால், முழு எண் எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. எண்ணையே சொல்ல வேண்டிய இடத்தில் ஆதார் எண்ணுக்குப் பதிலாக 16 இலக்க விர்ச்சுவல் ஐடி எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.

நான் ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்கு எதற்கு ரகசியம்?

இதை என்னிடம் கேட்டவர் தூத்தூர் பக்கத்து விசைப்படகு டிரைவர். அந்தக் கரைக்காரர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பேர் போனவர்கள். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன்: "அண்ணே, உங்க ஜிபிஎஸ்ஸில சேத்து வச்சிருக்க பாயிண்ட் எல்லாத்தையும் எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துத் தருவீங்களா?"

சிரித்துவிட்டார். தரமாட்டார். கடலடியில் எந்தப் பாறைப் பாரில் எந்த மாதம் மீன் நிற்கும் என்பது அவர் அப்பாவிடமிருந்தும் இருபது வருட அலைச்சலிலிருந்தும் வந்தது. அதை மறைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. அது அவர் பிழைப்பு. உங்கள் சம்பளம், நோய், கடன், யாரோடு பேசுகிறீர்கள் என்பதெல்லாமும் அந்த மாதிரி பாயிண்ட்கள்தான். யாருக்குத் தருவது என்று முடிவு செய்கிற உரிமை உங்களுடையது.

சும்மா நான் சொல்வதல்ல. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் ஓய்வுபெற்ற ஒரு கர்நாடக நீதிபதி. அவருக்கு அப்போது தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தது.

அப்படியானால் படகில் டிரான்ஸ்பாண்டர் வேண்டாம் என்கிறீர்களா?

அதே டிரைவர்தான், விடவில்லை.

வேண்டும். படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் கருவி அது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கரையில் ஒருவருக்கும் தெரியவில்லை. சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர் வீடுகளில் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தவர்கள் யாரும் டிரான்ஸ்பாண்டர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். கரையோர மாநிலங்களின் ஒரு லட்சம் படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரைப் பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கியது. புயல் எச்சரிக்கை படகுக்குப் போகும், ஆபத்து என்றால் படகிலிருந்து கரைக்குச் செய்தி வரும். நல்ல விஷயம்.

நான் கேட்பது வேறு. படகு எங்கே நின்றது என்ற விவரத்தை யார் யார் பார்க்கலாம்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? பெரிய கம்பெனிக் கப்பலுக்கு அது போய்ச் சேராது என்பதற்கு என்ன உறுதி? உயிரைக் காக்கக் கொடுத்த தகவல் உயிரைக் காக்க மட்டும் பயன்பட வேண்டும். தொழில்நுட்பம் வேண்டாம் என்பவனும் இல்லை நான், வந்ததெல்லாம் வரம் என்பவனும் இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

என் அம்மாவுக்கு ரேகை விழவில்லை. என்ன செய்வது?

அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவரா? நான் முதலில் கேட்பது இதைத்தான். முந்திரித் தோட்டை உடைக்கும்போது வரும் எண்ணெய் தோலை அரிக்கும். முப்பது வருடம் அண்டி தல்லிய கையில் ரேகை எப்படி இருக்கும்? ஒரு பாட்டி என் மெஷினில் பத்து விரலையும் மாறி மாறி வைத்தார். சேலையில் துடைத்தார், மறுபடி வைத்தார். சிவப்பு விளக்குதான் எரிந்தது. "நான் நான்தான்னு இந்தச் சனியனுக்கு எப்பிடிச் சொல்ல மக்ளே?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

வழி இருக்கிறது. ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம். கண் கருவிழியை வைத்து உறுதி செய்யலாம். பென்ஷன்காரர்கள் உயிர்ச்சான்றை 2021 முதல் போன் கேமராவில் முகம் காட்டியே கொடுக்கலாம். ஆனால் எந்த மெஷின் "இல்லை" என்று சொன்னாலும், அதற்குப் பின்னால் "ஆமாம்" சொல்ல அதிகாரமுள்ள ஒரு மனிதர் இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் தொழில்நுட்பம் முன்னேற்றம் என்று என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

ரேகை நன்றாக விழுகிறவர்கள் அரசின் ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். ரேகையைப் பிரதி எடுத்து, ஆதார் வழியாகக் கணக்கிலிருந்து பணம் எடுத்த மோசடிகள் நாட்டில் நடந்திருக்கின்றன. வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, இனி கவலை இல்லையே?

2023இல் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன. கம்பெனிகளின் பொறுப்புகளில் பெரும்பாலானவை அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். தகவலைப் பத்திரமாக வைக்காதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அரசாங்கத்துக்கு மட்டும் விலக்குகளின் கதவு ரொம்ப அகலம். எனக்கு அதில் திருப்தி இல்லை.

மகள் நர்சிங் முடித்திருக்கிறாள். ஜெர்மனிக்கு ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம்.

முதலில் ஜெர்மனி பொய் இல்லை. அங்கே ஆள் வேண்டும். திறனாளர் குடியேற்றச் சட்டத்தை 2020இல் கொண்டுவந்தார்கள், 2023இல் இன்னும் தளர்த்தினார்கள். இந்தியத் திறனாளர்களுக்கு வருடம் 20,000 என்றிருந்த விசாவை 90,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். நர்சாகப் பதிவு பெற ஜெர்மன் மொழியில் பி2 அளவு, அதாவது ஆறு படியில் நாலாவது படி, வேண்டும். அதுதான் உண்மையான மலை. பி1 முடித்தவர்கள் பலர், பி2வில் உட்கார்ந்துவிட்டவர்களும் பலர். மார்த்தாண்டத்தில் வகுப்பு விளம்பரம் இல்லாத கரண்ட் போஸ்ட் இல்லை. ஆனால் "ஆறே மாதத்தில் ஜெர்மனி" என்று எழுதியிருக்கிற போஸ்டைக் கண்டால் தாண்டிப் போங்கள்.

அந்த நாலு லட்சம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். வகுப்புக்கு எவ்வளவு, தேர்வுக்கு எவ்வளவு, சான்றிதழ் மொழிபெயர்ப்புக்கு எவ்வளவு, ஏஜென்டுக்கு எவ்வளவு? ஜெர்மனி அரசு நியாயமான ஆள்சேர்ப்புக்கு ஒரு தரமுத்திரை வைத்திருக்கிறது. அதை வாங்கிய ஏஜென்சி நர்சிடம் காசு வாங்கக்கூடாது, செலவு ஆஸ்பத்திரியுடையது. பிரிட்டனிலும் அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறை, வேலை தேடித்தர நர்சிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. இன்னொன்று, பிரிட்டனின் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 உடன் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகும் "கேர் விசா ரெடி" என்று ஒருவர் இங்கே அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் சான்றிதழ். ஒரிஜினலை ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். இது என் குடும்பத்தில் நடந்தது. சித்தி மகளின் டிகிரி சான்றிதழை ஒரு ஏஜென்சி பதினோரு மாதம் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று விலகியபோது திருப்பித் தர எழுபதாயிரம் கேட்டது. கொடுத்துத்தான் வாங்கினோம். அதே அலுவலகம் அவள் பாஸ்போர்ட் நகல், போட்டோ, வீட்டுப் பத்திர நகல்வரை வாங்கி வைத்திருந்தது. நர்ஸ் வேலைக்கு வீட்டுப் பத்திரம் எதற்கு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெளிநாடு போக வேண்டும் என்ற அவசரம் வந்துவிட்டால் நாம் எதையும் கேட்பதில்லை, கேட்டதையெல்லாம் கொடுக்கிறோம். மோசடிக்காரனுக்குத் தெரிந்த ஒரே ரகசியம் அதுதான்.

ஏஜென்ட் அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

வேலைக்கு வெளிநாடு அனுப்புகிறவர் 1983ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் உரிமம் உள்ளவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயரும் உரிம எண்ணும் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போர்டில் இருக்கிற பெயர் அல்ல, ரசீதில் இருக்கிற பெயர். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இதைக் கேட்டதும் கடையில் எல்லாரும் என்னைக் கிண்டல் செய்வார்கள்: "எந்த நாட்டுல சாரே இருக்கீங்க?" சரி, நடப்பது வேறுதான். ஆனாலும் வரம்பு என்ன என்று தெரிந்துகொண்டு ஏமாறுவதற்கும் தெரியாமல் ஏமாறுவதற்கும் வித்தியாசம் உண்டு. ரசீதாவது கேட்பீர்கள்.

வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு, பத்தாம் வகுப்பு தாண்டாதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். நர்சுகள் படித்தவர்களாக இருந்தாலும் இந்த நாடுகளுக்குப் போக 2015 முதல் அந்த அனுமதி எடுக்க வேண்டும். இதைத் தவிர்க்க டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லும் ஆளிடம் டீகூடக் குடிக்காதீர்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, அதன் அறிவிப்புகளையும் பாருங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், பத்து லட்சம் வரை பாதுகாப்பு. நாலு லட்சம் கட்டுகிறவர் 275 ரூபாயில் கஞ்சத்தனம் காட்டுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, எண்பதாயிரம் சம்பளம், டிக்கெட் இலவசம் என்கிறார்கள்...

போகாதீர்கள். பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஆன்லைன் மோசடி செய்ய உட்காரவைக்கிறார்கள். கம்போடியா, லாவோஸிலும் இதே கதை. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை இரண்டு விமானங்களில் 549 பேரை அங்கிருந்து மீட்டு வந்தது. உங்கள் மாமாவை வாட்ஸ்அப்பில் ஏமாற்றியவன் ஒருவேளை நம்மைப் போல வேலை தேடிப் போய் மாட்டிக்கொண்ட இன்னொரு பையனாக இருக்கலாம். தாய்லாந்துக்கு விசா இல்லாமல் போகலாம் என்பது சுற்றிப் பார்க்க மட்டும், வேலைக்கு இல்லை.

அமெரிக்காவின் எச்-1பி வேலை விசா கதை முடிந்துவிட்டதா?

முடியவில்லை, சுருங்கிவிட்டது. வருடத்துக்கு 65,000, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. அதற்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் போடும் புது விண்ணப்பத்துக்கு கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். நம் கணக்கில் ஏறக்குறைய 90 லட்சம். நாகர்கோவிலில் படித்து முடித்த பையனுக்காக எந்தக் கம்பெனி அதைக் கட்டும்?

எனக்கு அந்த விசாவில் கட்டணத்தைவிட வேறொன்றுதான் உறுத்துகிறது. ஆள் கம்பெனியோடு கட்டப்பட்டிருக்கிறான். வேலை போனால் அறுபது நாளில் வேறு கம்பெனி பார்க்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். கிரீன் கார்டு ஒரு நாட்டவருக்கு 7 சதவீதத்துக்கு மேல் தரமாட்டார்கள் என்பதால் இந்தியர்களின் வரிசை பல வருடம் நீள்கிறது. மஸ்கட்டில் நான் இருந்தபோது ஸ்பான்சர் கையெழுத்துப் போடாமல் வேறு வேலைக்கு மாற முடியாது. அதைக் கேட்டு உச்சுக் கொட்டிய என் கம்ப்யூட்டர் இன்ஜினியர் நண்பன் நியூ ஜெர்சியில் இருந்தான். கயிறு இரண்டு பேர் கழுத்திலும் இருந்தது, அவன் கயிறு பட்டு.

அமெரிக்க விசாவுக்கு இன்ஸ்டாகிராமைத் திறந்து காட்ட வேண்டுமாமே?

ஆமாம். ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக வலைதளப் பெயர்களை விண்ணப்பத்தில் 2019 முதலே கேட்கிறார்கள். 2025இல் மாணவர் விசாவுக்கும், பிறகு டிசம்பரிலிருந்து எச்-1பிக்கும், கணக்குகளைப் பூட்டில்லாமல் வைக்கச் சொல்லிவிட்டார்கள். கணக்கே இல்லை என்று பொய் எழுதாதீர்கள், பிடிபட்டால் விசா கெடும். பழைய பதிவுகளை நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். வீட்டு முகவரி, குழந்தைகளின் பள்ளிச் சீருடைப் படம், போன் எண் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுத் திறந்து வையுங்கள். ஏனென்றால் விசா அதிகாரிக்குத் திறந்த கதவு எல்லாருக்கும் திறந்த கதவு.

படித்தவர்கள் எல்லாம் வெளிநாடு போனால் ஊர் என்ன ஆகும்?

ஊர்ப் பெரியவர்கள் மேடையில் கேட்கிற கேள்வி. கேட்கிறவரின் மகன் பெரும்பாலும் டொரண்டோவில் இருப்பான்.

இந்த மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி 1838இல் வந்தது. இத்தனை பேரைப் படிக்கவைத்த ஊரில் ரப்பரும் முந்திரியும் மீனும் தவிரப் பெரிய தொழில் எத்தனை? படித்தவருக்குப் பக்கத்து வேலை என்றால் திருவனந்தபுரம் டெக்னோபார்க், அதுவும் களியக்காவிளையைத் தாண்டி. போவதைத் தடுக்க நமக்கு முகமில்லை. போகிறவள் தலை நிமிர்ந்து போகவும், கடன் இல்லாமல் போகவும், திரும்பி வரத் தோன்றினால் வரவும் வழி வேண்டும். அதற்குத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொன்று. 'திறனாளர்' என்ற சொல்லில் எனக்குச் சண்டை உண்டு. கரை தெரியாத கடலில், காற்றும் நீரோட்டமும் பார்த்து வலை விடுகிற ஆள் பஹ்ரைனுக்குப் போனால் அவர் பாஸ்போர்ட்டில் 'அனுமதி தேவை' முத்திரை. எக்செல் மட்டும் தெரிந்த நான் திறனாளர். அவரிடம் நான் கற்றுக்கொள்ள பத்து வருடம் வேண்டும், என்னிடம் அவர் எக்செல் கற்க ஒரு மாதம் போதும்.

நல்ல பாஸ்வேர்டு எது?

நீளமானது. நாலு சம்பந்தமில்லாத சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். மாதாமாதம் மாற்ற வேண்டியதில்லை, ஒன்றுக்கு வைத்ததை இன்னொன்றுக்கு வைக்காமல் இருந்தால் போதும். ஈமெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டாம் பூட்டு (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) போடுங்கள். நோட்டில் எழுதி பீரோவில் வைப்பது கேவலமில்லை. பீரோவை உடைத்துத் திருடுகிறவன் ரஷ்யாவிலிருந்து வரமாட்டான்.

அப்பா மஸ்கட்டில் இருக்கிறார். அவருடைய இந்திய சிம் கட்டாகிவிட்டது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லாதீர்கள். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத எண்ணைக் கம்பெனி நிறுத்தலாம், அப்புறம் அது வேறொருவருக்குப் போகும். அப்பாவின் பாங்க் ஓடிபி அந்த வேறொருவர் போனில் விழும். குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள், அல்லது பாங்கில் எண்ணை மாற்றுங்கள். ஓமன், யுஏஇ, கத்தார், சவுதி உட்படச் சில நாடுகளின் எண்ணிலேயே, வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களின் என்ஆர்இ பாங்க் கணக்கை யுபிஐயில் சேர்க்க 2023 முதல் வழி உண்டு. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். என் பெயரில் எனக்கே தெரியாத ஒன்று இருந்தது.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது, திறந்தேன். போன் விசித்திரமாக இருக்கிறது.

ஃபைல் பெயர் 'ஏபிகே' என்று முடிந்ததா? அது பத்திரிகை இல்லை, செயலி. உங்கள் எஸ்எம்எஸ் படித்து ஓடிபியைத் திருடும். போக்குவரத்து அபராதம், பாங்க் கேஒய்சி என்ற பெயர்களிலும் வரும். உடனே நெட்டை அணையுங்கள், வேறு போனிலிருந்து பாங்கைக் கூப்பிடுங்கள். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்று நம்ப வேண்டாம், அவர் போனும் மாட்டியிருக்கும். பத்திரிகை வைக்க நம் ஊரில் இன்னும் வெற்றிலை பாக்குத் தட்டோடுதான் வருகிறார்கள்.

போலீஸ் யூனிஃபார்மில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்கள்.

அப்படி ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கட் செய்யுங்கள். மாட்டுகிறவர்கள் படிக்காதவர்கள் என்று நினைக்காதீர்கள். ரிட்டயர்டு வாத்தியார்கள், பாங்க் மேனேஜர்கள், சட்டத்துக்குப் பயந்தவர்கள்தான் மாட்டுகிறார்கள். வீட்டில் இப்படி ஒருவர் ஏமாந்தால் "இவ்வளவு படிச்சும் இப்பிடியா" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பயத்தில்தான் மூன்று நாள் மறைத்து வைத்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வருகிறார்கள்.

பணம் போய்விட்டது. முதலில் என்ன செய்ய?

1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். உடனே, அந்த நிமிடமே. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்ந்துகொண்டிருக்கும், நடுவில் எங்காவது நிறுத்த முடியும். அடுத்து பாங்க், அடுத்து தேசிய சைபர் குற்றப் புகார் தளம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். உங்கள் தப்பும் பாங்க் தப்பும் இல்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவு. நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால் புகார் செய்யும்வரை போனது உங்கள் நஷ்டம், அதற்குப் பிறகு போவது பாங்கின் நஷ்டம். அதனால்தான் மறைக்காதீர்கள் என்கிறேன்.

மகன் குரலிலேயே அழுதுகொண்டு பேசுகிறார்களாமே, ஏஐ வைத்து?

செய்ய முடியும், கொஞ்ச நேரக் குரல் பதிவு இருந்தாலே போதும். வீட்டுக்குள் ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நாய் பெயர், பாட்டாவின் பட்டப்பெயர், வெளியே யாருக்கும் தெரியாத ஏதாவது. போனில் பேசுகிறவர் அதைச் சொல்லவில்லையென்றால் வைத்துவிட்டு மகனின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

இவ்வளவு பேசுகிறீர்கள், உங்கள் கடையில் கேமரா இருக்கிறதே?

போன மாதம் ஒரு பிளஸ் டூ பெண் கேட்டாள். கவுண்டருக்கு நேர் மேலே கேமரா. கள்ளனுக்குப் பயந்து மாட்டியது. அவள் போனபிறகு பதிவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு அம்மா பாஸ்புக்கை விரித்து வைத்திருக்கிறார், கணக்கு எண் படிக்கிற அளவுக்குத் தெரிகிறது. ஒருவர் போனில் யுபிஐ பின் அடிக்கிறார், விரல் எங்கெங்கே போகிறது என்று எண்ணிவிடலாம். நாலு வருடமாக இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவை வாசல் பக்கம் திருப்பிவிட்டேன். இப்போது அதில் தெரிவது என் படியும் எதிர்ப் பழக்கடையின் மட்டிக் குலைகளும்தான். பழக்கடை அண்ணன் இன்னும் கவனிக்கவில்லை. கவனித்தால் வந்து கேட்பார்.